கலிங்கு இல்லாத ஏரி

1930களில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ராபர்ட் மெக்கன்ஸ் என்ற மருத்துவரும் எல்சி விடோசன் என்ற வேதியியலாளரும் ஒரு கணக்கைச் சரிபார்க்க இறங்கினார்கள். மனித உடம்புக்குள் போகும் இரும்பு எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. தேவைக்கு மிஞ்சிய இரும்பைக் குடல் வெளியே தள்ளிவிடும் என்றே அன்றைய மருத்துவம் நம்பியது. சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளுக்கு அணுக்களை உடைக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. உடைந்த அணுக்களிலிருந்து ஏராளமான இரும்பு விடுபட்டது. இருவரும் மலத்தையும் சிறுநீரையும் நாள்தோறும் சேகரித்து அளந்தார்கள். விடுபட்ட இரும்பு எதிலும் வரவில்லை. நலமான ஆட்களின் ரத்தநாளத்தில் நேரடியாக இரும்பைச் செலுத்திப் பார்த்தபோதும் அதே முடிவுதான். உள்ளே போனது உள்ளேயே தங்கிவிட்டது.

1937, 1938ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இந்த முடிவு இன்றுவரை நிற்கிறது. உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியேற்றும். தண்ணீர் கூடினாலும் அப்படித்தான். இரும்பு கூடினால் வெளியேற்றுவதற்கென்று மனித உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. தோலும் குடலின் உட்சுவரும் உதிரும்போது அவற்றோடு நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகிறது. பெண்களுக்கு மாதவிடாயில் இன்னும் கொஞ்சம் போகிறது. இந்த இழப்பு எதுவும் உடம்பு தீர்மானித்துச் செய்வதில்லை. வரத்துக்கால் இருக்கிறது, மடை இருக்கிறது, மிகைநீர் வழிந்தோடக் கலிங்கு மட்டும் கட்டப்படாத ஏரி இது. அப்படிப்பட்ட ஏரியில் கரை உடையாமல் இருக்க ஒரே வழி, வரும் நீரை வாய்க்காலிலேயே அளந்து விடுவது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். ஓர் ஆணியின் எடைதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலில் சேமிப்பாகக் கிடக்கிறது. தசைகளிலும் நொதிகளிலும் கொஞ்சம் உண்டு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிய சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. இதற்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உள்ளே வருவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மாக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள், வயதான சிவப்பணுக்களை விழுங்கிச் செரித்து, அவற்றின் இரும்பை மட்டும் பிரித்தெடுத்து ரத்தத்துக்குத் திருப்பித் தருகின்றன. இன்று உங்கள் ரத்தத்தில் ஓடும் இரும்பணுக்களில் பல, பல ஆண்டுகளுக்கு முன் நீங்கள் சாப்பிட்டவை.

இவ்வளவு அருமையாகப் பேணும் பொருளை உடம்பு ஒரு கணமும் தனியாக விடுவதில்லை. அதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. ஓர் எலக்ட்ரானைக் கொடுப்பதும் வாங்குவதும் இரும்புக்கு மிக எளிது. ஆக்சிஜனைச் சுமக்கவும், செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கவும் உயிர்கள் இரும்பைத் தேர்ந்தது அதனால்தான். அதே குணம்தான் அதை அபாயமாகவும் ஆக்குகிறது. கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான மூலக்கூறு பிறக்கிறது. அது செல்லின் கொழுப்புச் சவ்வையும் மரபணுவையும் அரித்துவிடும். ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்த வேதிவினை இதற்கு அடிப்படை. ஆகவே ரத்தத்தில் பயணிக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரண்டிரண்டு அணுக்களாகப் பிடித்துக்கொண்டு போகிறது. செல்லுக்குள் சேமிக்கும் இரும்பை ஃபெரிட்டின் என்ற கூடு போன்ற புரதம் உள்ளே அடைத்து வைக்கிறது. ஒரு ஃபெரிட்டினுக்குள் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும்.

வரும் இரும்பை அளந்து விடுவது யார் என்ற கேள்விக்கு மட்டும் இருபதாம் நூற்றாண்டு முடியும்வரை விடை கிடைக்கவில்லை. குடலின் தொடக்கப் பகுதியில் இரும்பு உறிஞ்சப்படுகிறது, தேவைக்கு ஏற்ப அது கூடிக் குறைகிறது என்பது தெரிந்திருந்தது. உடம்பின் கையிருப்பு எவ்வளவு என்று குடலுக்குப் போய்ச் சொல்வது எது என்பதுதான் தெரியவில்லை.

விடை, அதைத் தேடாதவர்களிடம் வந்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் டோமஸ் கான்ஸின் ஆய்வகம் கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தது. மனிதச் சிறுநீரில் அப்படி ஒன்று கிடைத்தது. 25 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட அது கல்லீரலில் உருவாகிச் சிறுநீரில் கழிவது. ஜெர்மனியிலும் வேறொரு குழு இதே பொருளை ரத்தத்திலிருந்து பிரித்திருந்தது. கிருமியைக் கொல்வதில் அது அப்படியொன்றும் வல்லமை காட்டவில்லை. ஆனால் சிறுநீர் கொடுத்தவர்களில் ஒருவருக்குத் தொற்று வந்தபோது இதன் அளவு பன்மடங்கு எகிறியிருந்தது. ஏறத்தாழ அதே நேரத்தில் பாரிஸில் சோஃபி வோலோனின் குழு, சர்க்கரை வளர்சிதைமாற்றத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவை எலிகளில் செயலிழக்கச் செய்திருந்தது. அந்த எலிகளின் கல்லீரலிலும் கணையத்திலும் இரும்பு மண்டிக் கிடந்தது. தேடிப் பார்த்ததில், குறிவைத்த மரபணுவுக்குப் பக்கத்திலிருந்த இந்தச் சிறு புரதத்தின் மரபணுவும் சேர்ந்தே அடங்கிப்போயிருந்தது தெரிந்தது. 2001இல் இந்த முடிவு வெளிவந்தது. மறு ஆண்டு அதே குழு, இப்புரதத்தை மிகையாகச் சுரக்கும் எலிகளை உருவாக்கியது. அவை கடும் ரத்தச்சோகையோடு பிறந்தன, பெரும்பாலானவை பிறந்த சில மணி நேரத்தில் இறந்தன. இல்லாவிட்டால் இரும்பு பெருகுகிறது, மிகுந்தால் வறள்கிறது. ஹெப்சிடின் என்ற அந்தப் புரதம்தான் இத்தனை காலம் தேடிய தூதுவன்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை 2004இல் எலிசபெட்டா நெமெத், கான்ஸ் முதலானோர் காட்டினார்கள். இரும்பு ஒரு செல்லை விட்டு ரத்தத்துக்குள் வர ஒரே ஒரு மடைதான் உண்டு. ஃபெரோபோர்ட்டின் என்பது அதன் பெயர். குடல் செல்லிலும், விழுங்கணுவிலும், கல்லீரல் செல்லிலும் அது இருக்கிறது. ஹெப்சிடின் வந்து ஃபெரோபோர்ட்டினைப் பற்றிக்கொண்டால் செல் அந்த மடையையே உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. உணவிலிருந்து வந்த இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. குடல் செல்லின் ஆயுள் சில நாட்கள்தான். அது உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடுகிறது. அதே சமயம் விழுங்கணுக்களும் தாங்கள் மீட்ட இரும்பைத் தர முடியாமல் வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் எந்த நேரமும் சுமார் 3 மில்லிகிராம் இரும்புதான் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், மடை மூடிய சில மணி நேரத்திலேயே அளவு சரிந்துவிடும்.

ஹெப்சிடினைக் கூட்டவோ குறைக்கவோ கல்லீரல் பல செய்திகளைச் சேர்த்து வாசிக்கிறது. கையிருப்பு நிறைந்தால் கூட்டுகிறது. உடம்பில் கிருமி புகுந்து அழற்சி மூண்டாலும் கூட்டுகிறது. மஜ்ஜை ரத்தம் உண்டாக்கத் துடிக்கும்போது குறைக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைக் கொண்டுபோகும் ஹார்மோன் எரித்ரோஃபெரோன். அது 2014இல்தான் கண்டறியப்பட்டது. ரத்தம் இழந்தவருக்கும், கர்ப்பத்தின் பிற்பாதியில் இருக்கும் பெண்ணுக்கும் ஹெப்சிடின் தாழ்ந்து, சாப்பாட்டிலிருந்து இரும்பு கூடுதலாக உள்ளே வருகிறது. இந்த ஏற்பாடு வியப்பூட்டுவது. ஆனால் ஒரே மடைக்குப் பல எஜமானர்கள் இருப்பதால் வரும் சிக்கல்களும் உண்டு. இரும்போடு தொடர்புடைய நோய்களில் பல அங்கேதான் பிறக்கின்றன.

முதலில், மடை மூடவே மூடாத நோய். தோல் வெண்கல நிறமாகி, சர்க்கரை நோயும் கல்லீரல் சுருக்கமும் ஒன்றாக வரும் நோயாளிகளைப் பிரெஞ்சு மருத்துவர் துருசோ 1865இல் விவரித்தார். ஜோசப் ஷெல்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதுவரை பதிவான 311 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, 1935இல் இது பரம்பரையாக வரும் இரும்புக் கோளாறு என்று எழுதினார். குடிப்பழக்கத்தால் வருவதென்று பலர் வாதிட்ட காலம் அது. ஷெல்டன் சொன்னதே சரி என்று 1996இல் எச்.எஃப்.இ. என்ற மரபணுவைக் கண்டுபிடித்தபோது உறுதியாயிற்று. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் கையிருப்பைப் பற்றிய செய்தி கல்லீரலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. இரும்பு நிறைந்த பிறகும் ஹெப்சிடின் தாழ்ந்தே இருக்கும். ஹீமோகுரோமாட்டோசிஸ் எனப்படும் இந்நோய் வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். அயர்லாந்தில் சுமார் 83 பேரில் ஒருவர் இந்த மரபணு மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் ஓரளவு காப்பு. சிகிச்சை, ரத்தத்தை எடுப்பதுதான். அரை லிட்டர் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். உடம்பில் இல்லாத கலிங்கை மருத்துவர் ஊசியால் வெட்டிவிடுகிறார்.

நம் நாட்டில் இந்த மரபணு மாற்றம் அரிது. நமக்கு இதைவிட நெருக்கமானது தலசீமியா. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் சரியாக உண்டாக்க முடியாத குழந்தைக்கு மஜ்ஜை ஓயாமல் பாடுபடுகிறது. பிறக்கும் அணுக்களோ வெளியே வரும் முன்பே மடிகின்றன. பாடுபடும் மஜ்ஜை எரித்ரோஃபெரோனைக் கொட்டுகிறது. கல்லீரல் அதை நம்பி ஹெப்சிடினைத் தாழ்த்துகிறது. ரத்தச்சோகை இருக்கும்போதே இரும்பு குவிகிறது. போதாக்குறைக்கு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் இன்னும் 200 மில்லிகிராமுக்கு மேல் வந்து சேர்கிறது. அந்தக் குழந்தைகளை முன்பெல்லாம் பறித்துச் சென்றது ரத்தச்சோகை மட்டும் அன்று, இதயத்தில் படிந்த இரும்பும்தான். இன்று அந்த இரும்பைப் பற்றி வெளியே இழுக்கும் மருந்துகள் ஊசியாகவும் மாத்திரையாகவும் உள்ளன. ஒழுங்காகக் கிடைத்தால் அவர்கள் படித்து, வேலைக்குப் போய், மணமுடித்து வாழ்கிறார்கள். ஒழுங்காகக் கிடைப்பதுதான் நம் ஊரில் இன்னும் பலருக்குக் கடினம்.

கிருமி நுழைந்தால் மடை ஏன் மூட வேண்டும்? கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதால். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரும்பின்றிப் பெருக முடியாது. இரும்பைப் பறிக்க அவை தனி மூலக்கூறுகளைச் சுரந்து வெளியே அனுப்புகின்றன. டிரான்ஸ்ஃபெரினின் பிடியிலிருந்தே இரும்பைப் பிடுங்கிவரும் ஆற்றல் அவற்றில் சிலவற்றுக்கு உண்டு. பதிலுக்கு நம் வெள்ளணுக்கள் அந்தத் திருட்டு மூலக்கூறுகளையே பிடித்து முடக்கும் புரதம் ஒன்றைச் சுரக்கின்றன. தாய்ப்பாலில், குறிப்பாகச் சீம்பாலில், லாக்டோஃபெரின் என்ற புரதம் நிறைய இருக்கிறது. அது சிசுவின் குடலில் இரும்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. காய்ச்சல் கண்ட சில மணி நேரத்தில் ரத்தத்தின் இரும்பு சரிவது இந்தப் போரின் ஒரு பகுதி.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரியது என்பதை 2009இல் சிகாகோவில் நேர்ந்த ஒரு மரணம் காட்டியது. அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிளேக் கிருமியின் வலுவிழந்த வகை ஒன்றை ஆய்வு செய்துவந்தார். இரும்பைப் பறிக்கும் ஆற்றலை இழந்ததால் வலுவிழந்த வகை அது. மனிதரைத் தாக்காது என்று கருதியே அதை ஆய்வகங்களில் பயன்படுத்தினார்கள். அவர் பிளேக்கால் இறந்தார். இறந்த பிறகு சோதித்தபோது, அவருக்கு ஹீமோகுரோமாட்டோசிஸ் இருந்தது தெரியவந்தது. கிருமிக்குத் திருடத் தெரியவில்லை. திருட வேண்டிய தேவையும் அந்த ரத்தத்தில் இருக்கவில்லை.

இதைவிட என்னை நெடுநாள் யோசிக்க வைத்தவை ஆப்பிரிக்காவில் நடந்த இரண்டு ஆய்வுகள். வறட்சிக்குப் பின் முகாமில் தங்கியிருந்த சோமாலிய நாடோடி மக்களில் இரும்புக் குறைபாடு உள்ளவர்களை முர்ரே தம்பதியின் குழு இரு பிரிவாக்கியது. 71 பேருக்கு இரும்பு, 67 பேருக்கு வெற்று மாத்திரை. ஒரு மாதத்தில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 7 தொற்றுகள், இரும்பு சாப்பிட்டவர்களிடம் 36. உள்ளே உறங்கிக்கிடந்த மலேரியாவும் காசநோயும் விழித்துக்கொண்டன. 1978இல் வெளியான இந்த முடிவைப் பலர் சிறிய ஆய்வு என்று ஒதுக்கினார்கள். பின்னர் சான்சிபாரைச் சேர்ந்த பெம்பா தீவில், மலேரியா ஆண்டு முழுதும் பரவும் இடத்தில், பல்லாயிரம் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். சுனில் சசாவல் தலைமையில் நடந்த அந்த ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இரும்பு பெற்ற குழந்தைகளிடம் கடும் நோயும் மரணமும் சேர்ந்து 12 சதவீதம் கூடுதலாக இருந்தன. நல்லது செய்யப்போன கைகள் அவை. 2006இல் முடிவு வெளியானபோது பொதுச் சுகாதாரத் துறையினர் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானார்கள்.

அந்த ஆய்வுக்குள்ளேயே இன்னொரு விவரமும் இருந்தது. சில குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, நோய் கண்டால் உடனே சிகிச்சையும் கொடுத்திருந்தார்கள். அவர்களில் இரும்புக் குறைபாடும் ரத்தச்சோகையும் உண்மையிலேயே இருந்த குழந்தைகளுக்கு இரும்பு நன்மைதான் செய்தது. மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் கைக்கெட்டும் இடத்தில் இரும்பு கொடுப்பது ஆபத்தானதல்ல என்று பிந்தைய ஆய்வுகளும் காட்டின. தேவைப்படும் உடம்பில், தொற்று அடங்கியிருக்கும் நேரத்தில் அதே மாத்திரை மருந்து. தேவையில்லாத உடம்பில், கிருமி காத்திருக்கும் நேரத்தில் அதுவே அதற்கு உணவு.

நீண்ட நாள் நோயில் இந்த மடை மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். முடக்குவாதம், காசநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றோடு வரும் ரத்தச்சோகைக்கு இதுவே முதன்மைக் காரணம். கையிருப்பில் இரும்பு இருக்கிறது, ரத்தத்தில் இல்லை. மஜ்ஜை பட்டினி கிடக்கிறது. இவர்களுக்கு மாத்திரையை இரட்டிப்பாக்கிப் பயன் இல்லை, ஏனென்றால் குடலின் மடையும் மூடியிருக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரும்பை ரத்தநாளத்தில் நேரடியாக ஏற்றுவது பெரும்பாலும் இதனால்தான். பரிசோதனையைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. கையிருப்பை அளக்கச் செய்யும் ஃபெரிட்டின் சோதனையின் எண், அழற்சி இருந்தால் தானாகவே ஏறும். எண்ணை மட்டும் பார்த்து இரும்பு போதுமென்று சொல்லிவிட்டால் உண்மையான குறைபாடு மறைந்துவிடும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாகப் படிப்பவர்.

இனி நம் வீட்டுக் கணக்கு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். இந்த வித்தியாசத்தின் கணக்கு எளிது. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு. மாதவிடாயில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம் போயிற்று. அதை ஈடுகட்ட நாள்தோறும் அரை மில்லிகிராமுக்கு மேல் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1 கிராம் இரும்பு தேவை. அதுவே அவள் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. பெண்ணின் சேமிப்போ ஆணின் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கடைசியாகச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சாப்பிடும் பெண்ணிடம் அந்தச் சேமிப்பும் இருக்காது. வயலில் வெறுங்காலோடு நிற்பவளுக்குக் கொக்கிப்புழு வேறு. ஒரு வகைக் கொக்கிப்புழு ஒன்றே நாளுக்கு 0.15 மில்லிக்கு மேல் ரத்தம் குடிக்கும், அதுபோல் நூறு இருந்தால் என்னாகும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். குடற்புழு மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ரத்தச்சோகை எல்லாமே இரும்புக் குறைபாடு ஆகாது. 2016-18இல் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து ஃபெரிட்டினையும் அளந்து நடந்த தேசியக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை, 32 சதவீதம் பேருக்கு இரும்புக் குறைபாடு. இரண்டிலும் இருப்பவர்கள் முழுக்க ஒரே குழந்தைகள் அல்லர். ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைந்தாலும், தொற்று நீடித்தாலும், மரபணுவில் கோளாறு இருந்தாலும் ரத்தம் குறையும். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுப் பண்பைக் கண்டறிந்து எழுதினார்கள். அந்த மலையில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 7 என்று வந்தால், காரணம் தட்டில் இருக்கிறதா மரபணுவில் இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை எழுதுவது சிகிச்சை ஆகாது. தலசீமியா மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களும் அப்படியே. அவர்களின் சிவப்பணு சிறியதாக, பார்ப்பதற்கு இரும்புக் குறைபாடு போலவே இருக்கும். ஃபெரிட்டினைப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரே எண்ணை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிப்பதை நம் சுகாதாரத் துறை விட்டுவிட வேண்டும். முதல் மாத்திரைகளுக்கு ஹீமோகுளோபின் ஏறாதவர்களுக்காவது ஃபெரிட்டின் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பிடும் முறைக்கும் ஹெப்சிடின் ஒரு விடை வைத்திருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது என்று பாதியில் நிறுத்தாத பெண்கள் குறைவு. அந்த மாத்திரையில் இருப்பது ஃபெரஸ் சல்ஃபேட், சித்த மருத்துவத்தில் அன்னபேதி என்று வழங்கும் உப்புதான். சூரிச் நகரில் நிக்கோல் ஸ்டோஃபல், மைக்கேல் சிம்மர்மன் முதலானோர் இரும்பு குறைந்த பெண்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பைக் கொடுத்து, குடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். ஒரு வேளை மாத்திரையே ஹெப்சிடினை உயர்த்தி, மறுநாள் மாத்திரைக்கு மடையைப் பாதி மூடிவிடுகிறது. 2017இல் வெளியான அவர்களின் ஆய்வில், தினமும் சாப்பிட்டவர்கள் 16.3 சதவீதத்தை உறிஞ்சினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டவர்கள் 21.8 சதவீதம். அதே எண்ணிக்கை மாத்திரையில், 131 மில்லிகிராமுக்குப் பதில் 175 மில்லிகிராம். ரத்தச்சோகை உள்ள பெண்களிடமும் பின்னர் இதே போக்கு தெரிந்தது. கர்ப்பிணிகள் இதைப் படித்துத் தாங்களாக மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. அவர்களுக்குக் காலம் குறைவு, தேவை பெரிது. அரசுத் திட்டத்தின் சிவப்பு மாத்திரையைச் செவிலியர் சொன்னபடியே சாப்பிட வேண்டும். மற்ற பெண்கள், வயிறு ஒத்துக்கொள்ளாமல் மாத்திரையையே தூக்கி எறியும் முன், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீரை, பருப்பு, கம்பு, கேழ்வரகு எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. அதில் நம்மைச் சேர்வது சிறு பகுதிதான். தானியத்தின் ஃபைட்டிக் அமிலமும், டீ காபியின் டானின் வகைகளும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. ஆட்டு ஈரலிலும் மீனிலும் இறைச்சியிலும் உள்ள ஹீம் இரும்பு இந்தப் பிடியில் சிக்காமல் குடலுக்குள் போய்விடும். சைவ உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சுதல் வெகுவாகக் குறையும் என்று 1975இல் காட்டிய ஆய்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அதில் பங்கேற்றவர்கள் அங்கே குடியேறிய இந்திய வம்சாவளி இல்லத்தரசிகள்.

அந்த ஆய்வுக் குழுவில் இருந்த தாமஸ் பாத்வெல், இரும்பின் இரு எல்லைகளையும் ஒரே நாட்டில் பார்த்தவர். அங்கே கறுப்பின மக்கள் இரும்புக் கலன்களில் காய்ச்சிய சோள பீரின் புளிப்பில் இரும்பு கரைந்து, குடித்தவர்களின் கல்லீரலில் குவிந்து கிடந்தது. டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடமோ இரும்பு வறண்டு கிடந்தது. இனவாத அரசு இந்தியர்களைக் குடியேற்றிய பகுதி அது, கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வாரிசுகளும் நிறைந்த இடம். 1980களில் பாத்வெல்லின் சகாக்கள் அங்கே எல்லா வீட்டிலும் தினமும் குழம்பில் விழும் ஒரு பொருளைத் தேர்ந்தார்கள். மசாலாத் தூள். அதில் சோடியம் இரும்பு இ.டி.டி.ஏ. என்ற உப்பைக் கலந்தார்கள். இ.டி.டி.ஏ. இரும்பைத் தன் கைக்குள் பிடித்து வைத்திருப்பதால் ஃபைட்டிக் அமிலத்தால் அதைக் கவர முடியாது, குடல் மட்டும் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஆண்டுகள் சில வீடுகளுக்கு இந்தத் தூள், மற்றவற்றுக்குச் சாதாரணத் தூள், எது எவருக்கு என்று சமைப்பவருக்கும் தெரியாது. 1989இல் முடிவு வெளியானது. இரும்பு கலந்த தூளைச் சாப்பிட்ட பெண்களின் சேமிப்பு தெளிவாக ஏறியிருந்தது. மாத்திரை இல்லை, குமட்டல் இல்லை, ஒவ்வொரு வேளையும் மிகச் சிறிய அளவு. ஹெப்சிடின் என்ற பெயரே பிறக்காத காலத்தில், மடையை மூடவைக்காமல் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும் வழியை அவர்கள் பிடித்திருந்தார்கள். கோதுமை மாவில் கலக்க அதே உப்பை இன்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் அனுமதிக்கின்றன.